யாரைச் சொன்னாள் செவ்வந்தி?

என் உத்தியோகம் என்ன என்று மாமியாருக்கு விளக்கப் போய் மூக்குடைபட்டேன். "மேடையில ஒருத்தர் பேரைச் சொல்லாம இன்னொருத்தரைத் தாக்குவார் இல்லையா அத்தை, அது யாரைன்னு ஒரு மிஷின் கண்டுபிடிச்சு டிவியில கீழே பட்டையில பேரைப் போடும். அது சரியான்னு நான் பார்க்கணும்" என்றேன். "ஜாடை பேசறது யாரைன்னு கண்டுபிடிக்க மிஷினா? அதுக்கு மேல ஒரு ஆளா? அந்த ஆளுக்குச் சம்பளமா?" என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டார்.

பெயர்ப் பட்டைச் சட்டம் வந்த கதை ஊரறிந்தது. பிரசாரத்தில் ஒரு தலைவர், "நம் நடுவே சில நரிகள் புகுந்திருக்கின்றன" என்று சொல்லிவிட்டு இளநீர் குடிக்கப் போனார். மறுநாள் நான்கு கட்சிகள், தங்களைத்தான் நரி என்றார் என்று தனித்தனியாக மறியல் செய்தன. ஐந்தாவது கட்சி, தங்களை நரியாகக்கூட மதிக்கவில்லை என்று மறியல் செய்தது. ஊர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேருந்துகள் எரிந்து, ஒரு ஓட்டுநருக்கு இரு கைகளும் வெந்துபோயின. அதற்குப் பிறகுதான் சட்டம். பொது இடத்தில் யார் யாரை மறைமுகமாகத் தாக்கினாலும், தாக்கப்பட்டவர் பெயரோடுதான் அது ஒளிபரப்பாக வேண்டும். பெயர் வந்தவருக்கு அதே திரையில் பதில் சொல்ல இரண்டு நிமிடம் உண்டு.

பெயரைக் கண்டுபிடிப்பது இயந்திரம். தன் கணிப்பு எத்தனை சதவீதம் உறுதி என்றும் அதுவே சொல்லும். தொண்ணூற்றைந்துக்கு மேல் என்றால் நேரே திரைக்குப் போய்விடும். எண்பதுக்குக் கீழே என்றால் குப்பைக்கு. இடையில் இருந்தால் ஒரு மனிதன் எட்டு விநாடிக்குள் 'சரி' அல்லது 'தவறு' என்று பொத்தானை அழுத்த வேண்டும். எங்கள் தொலைக்காட்சியில் அரசியலுக்கும் விளையாட்டுக்கும் அந்த மனிதன் நான், கதிரேசன். இருபத்திரண்டு வருடம் விளையாட்டு நிருபராக இருந்தவன். இரண்டு துறைக்கும் ஒரே ஆள் எப்படி என்று கேட்காதீர்கள், பாஷை ஒன்றுதான். 'சில பேர்', 'அவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும்', 'பேரைச் சொல்லி அவங்களைப் பெரிய ஆளாக்க விரும்பல'. கட்சித் தலைவர் சொன்னாலும் கைப்பந்துப் பயிற்சியாளர் சொன்னாலும் இதே மூன்று வாக்கியந்தான்.

ஆனால் முதல் வாரத்திலேயே எனக்குத் தலை சுற்றியது. பட்டையில் எதிரிகளின் பெயர் வருவதே இல்லை. ஒரு தலைவர் "முதுகில் குத்துகிறவர்கள்" என்று எதிர்க்கட்சியைச் சாடினார், அல்லது சாடினார் என்று நாங்கள் நினைத்தோம். பட்டையில் வந்தது அவருடைய சொந்தக் கட்சிப் பொருளாளர் பெயர். மேடையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர். இயந்திரம் கோளாறு என்று நான் முடிவுகட்டியபோது, அந்த ஆள் அழுதுகொண்டே ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கைப்பந்துப் பயிற்சியாளர் விஷயத்திலும் அப்படியே. எதிரணியைத்தான் சொன்னார் என்று உலகம் நினைத்தது, பட்டையில் அவருடைய உதவியாளர் பெயர் வந்தது, உதவியாளரும் "ஆமாம், என்னைத்தான்" என்றார். இதுவரை ஒருவர்கூட மறுக்கவில்லை. நான் குழம்பிப்போய் இருந்தேன், இயந்திரத்துக்கு நல்ல பெயர் வந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் செவ்வந்தியும் ரோஸ்லினும் மாநில கேரம் இரட்டையர் பட்டத்தை வென்றார்கள்.

இரண்டு பேரும் காசிமேட்டுப் பக்கம். வயது நாற்பதை நெருங்குகிறது. செவ்வந்தி துறைமுகத்தில் குமாஸ்தா, ரோஸ்லின் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். பதினோரு வருடமாக ஒரே ஜோடி. கேரம் இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளிகள் எதிரெதிரே உட்கார்ந்துதான் ஆட வேண்டும், ஆட்டம் நடக்கும்போது வாய் திறந்து ஒருவருக்கொருவர் யோசனை சொல்லக் கூடாது. இவர்கள் கண்ணைக்கூட அசைக்க மாட்டார்கள், ஆனால் அவள் எந்தக் காயை விட்டு வைக்கிறாளோ அதை இவள் எடுப்பாள்.

இறுதி ஆட்டத்தில் இவர்களோடு மோதியது பெரம்பூர் அக்கா தங்கை ஜோடி. ஒரு மாதமாக எல்லா மைக்கிலும் வாய் கிழியப் பேசியவர்கள். கடைசிச் சுற்றில் அக்காக்காரி 'ரெட்' என்கிற சிவப்புக் காயைக் குழியில் போட்டாள். கேரம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ரெட்டைப் போட்டால் அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும். அதற்குப் பெயர் ஃபாலோ. ஃபாலோ விழவில்லை என்றால் ரெட் மறுபடி பலகைக்கு வந்துவிடும். அக்காக்காரி ஃபாலோவை விட்டாள், செவ்வந்தி முடித்துவைத்தாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குப் பத்திரிகையாளர் சந்திப்பு. செவ்வந்தியும் ரோஸ்லினும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரணி பற்றி ஒருவர் கேட்டார். செவ்வந்தி தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னாள்: "சில பேருக்கு ரெட்டைப் போட்டதுமே கைத்தட்டு கேட்டுடுது சார். ஃபாலோ போடணும்ங்கற நெனப்பே இருக்கறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்லினும் சிரித்தாள். நிலையத்தில் என் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குச் சுரீரென்றது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இவர்களைப் பற்றி நான் ஒரு நிகழ்ச்சி செய்தேன், நல்ல கைத்தட்டு. அந்த மயக்கத்தில் கேமரா முன்னாலேயே, "உங்களுக்கு ஒரு பயிற்சி அறை ஏற்பாடு பண்ணித் தருவது என் பொறுப்பு" என்று சொன்னேன். பிறகு அதைத் தொடவே இல்லை. என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். பட்டையில் என் பெயர் வரப்போகிறது, என் கையாலேயே அதற்குச் 'சரி' போட வேண்டியிருக்கும்.

திரையில் பெயர் எழுந்தது. ரோஸ்லின். தொண்ணூற்றொரு சதவீதம்.

அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவோடு சேர்ந்தே என் விரல் 'சரி'யை அழுத்திவிட்டது. எட்டு விநாடியில் இரண்டுதான் செலவழித்திருப்பேன். அரையிறுதியில் ரோஸ்லினும் ஒரு ஃபாலோவை விட்டாள் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது, அழுத்தும்போது அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

அங்கே கூடத்தில் இருந்த டிவியில் ரோஸ்லின் தன் பெயரைப் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. பதில் சொல்லச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். மீதி ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி காலி நாற்காலியைக் காட்டினோம், சட்டப்படி காட்ட வேண்டும்.

மூன்றாம் நாள் செவ்வந்தி, டிவியில் தனக்குத் தெரிந்த ஒரே ஆள் என்று என்னைத் தேடி வந்தாள்.

"சார், நான் அவள சொல்லல. பெரம்பூர் பொண்ணுங்களதான் சொன்னேன். நீங்க டிவில ஒரு வார்த்த சொல்லுங்க சார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள உலகப் போட்டிக்கு ஃபாரம் குடுக்கணும். ரெண்டு பேர் கையெழுத்தும் வோணும். அவ போட மாட்டேன்றா. போடலன்னா அந்த அக்கா தங்கச்சிதான் போவும்."

"அவகிட்ட நேர்ல சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன் சார். மூஞ்சப் பார்த்து சொல்லுன்னா. பார்த்தேன்." அவள் விரல் என் மேஜையைச் சுண்டிக்கொண்டிருந்தது. "பார்த்தா அந்த அரையிறுதி ஃபாலோதான் ஞாபகத்துக்கு வருது. போன வருசம் திருச்சில ஒண்ணு வுட்டா, அதுவும் வருது. பேசும்போது சத்தியமா இதெல்லாம் நெனக்கல சார். பேரப் பார்த்த அப்புறந்தான் ஒண்ணொண்ணா வருது. இப்ப எனக்கே டவுட்டா கீது. நான் அவளதான் சொன்னேனா?"

என்னிடம் போய் இதைக் கேட்டாள். பொத்தானை அழுத்தியது யார் என்று என் வீட்டைத் தாண்டி வெளியே யாருக்கும் தெரியாது, சரிபார்ப்பவர் பெயர் ரகசியம். விசாரிக்கிறேன் என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற பொறியாளர் நப்பின்னை, பொள்ளாச்சிப் பெண். கேன்டீனில் அவளைப் பிடித்தேன்.

"இது எப்படிம்மா கண்டுபிடிக்குது? எனக்கு ஒண்ணும் புரியல" என்றேன்.

"மொதல்ல மேடைப் பேச்சை வெச்சுத்தானுங்க பழக்கப் பாத்தோம். ஆனா விடை வேணுமில்லீங்களா? பேசுனவரைக் கேட்டா, 'பொதுவாச் சொன்னேன்'ங்கறாரு. நூறு பேரைக் கேட்டோம், ஒருத்தருமே ஒத்துக்கலீங்க."

"அப்புறம்?"

"வீடுகளுக்குப் போனோமுங்க. சம்மதம் வாங்கித்தான். நாலாயிரம் வீடு, சமையல்கட்டுல ஒரு மைக்கு, ஹால்ல ஒரு மைக்கு. பாத்திரத்தை டமால்னு வெச்சுட்டு, 'இந்த வீட்டுல சில பேருக்குக் கை வலிக்கும்'னு ஒரு பேச்சு வரும். சாயங்காலம் ஆள் போயிக் கேட்டா, யாருக்கு உறைச்சுதோ அவங்களே கையத் தூக்கிருவாங்க. சுத்தமான விடை."

"வீட்டுச் சண்டையைப் படிச்ச மிஷினையா கட்சி மேடைக்கு அனுப்பினீங்க?"

"வேற எங்கீங்க இத்தனை ஜாடை கெடைக்கும்?" டம்ளரை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள். "அது கத்துக்கிட்டது ரெண்டே விஷயமுங்க. பேசறவங்க பக்கத்துல இருந்தும் யாரைப் பாக்காமப் பேசறாங்களோ, அவங்களுக்குத்தான் பேச்சு. இன்னொண்ணு, விட்டுட்டுப் போக முடியாதவங்களைத்தான் மனுஷங்க ஜாடை பேசறாங்க. எதிரின்னா எதுக்குங்க ஜாடை? மூஞ்சிக்கு நேரா வெச்சுரலாமே."

"அப்ப ரோஸ்லின் பேர் தப்பா இருக்கலாம்?"

"இருக்கலாமுங்க. ஆனா ஒண்ணு சார், இதுவரைக்கும் பேர் வந்தவங்க யாரும் இல்லேன்னு சொல்லலை. அதை என்னன்னு எடுத்துக்கறதுன்னு எனக்கும் தெரியலீங்க."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குற்றமில்லாத நெஞ்சு எங்கே இருக்கிறது? யார் பெயரைப் போட்டாலும் அவர் தேடிப் பார்த்து ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்வார் போலிருக்கிறது. அப்படியென்றால் இயந்திரம் கண்டுபிடிக்கிறதா, உண்டாக்குகிறதா? கேன்டீன் காப்பி ஆறிப்போகும்வரை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு யோசனை மட்டும் தோன்றியது. இருவரையும் என் மேஜைக்கு வரவழைத்து, இயந்திரத்தின் முன்னால் செவ்வந்தியை அதே வாக்கியத்தை மறுபடி சொல்ல வைப்பது. இந்த முறை பெரம்பூர்ப் பெயர் வந்துவிட்டால் ரோஸ்லின் கையெழுத்துப் போடுவாள், என் தவறும் யாருக்கும் தெரியாமல் கரைந்துவிடும். இரண்டாவது காரணந்தான் முதல் காரணம் என்பதை இப்போது சொல்லிவிடலாம். நப்பின்னை மைக்கையும் கேமராவையும் என் அறைக்குத் திருப்பி, பெரம்பூர் சகோதரிகள் படத்தையும் அது அறியக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இருவரும் வந்தார்கள். ரோஸ்லின் பாதி தைத்த ஜாக்கெட் ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு வந்திருந்தாள். செவ்வந்தி விண்ணப்பத்தை என் மேஜைமேல் வைத்தாள். அவள் கையெழுத்து இருந்தது, பக்கத்துக் கட்டம் காலி.

"அன்னிக்குச் சொன்னதை அப்படியே சொல்லுங்கம்மா" என்றேன்.

செவ்வந்தி பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பிப்பதுபோல் நின்று சொன்னாள். திரை, 'குறி யாரும் இல்லை' என்றது. மறுபடி சொன்னாள். மறுபடியும் யாரும் இல்லை.

"நடிச்சா மிஷினு ஏமாறுமா?" என்றாள் ரோஸ்லின். "அன்னிக்கு மனசுலேர்ந்து வந்துச்சு. அதான் பேரு வந்துச்சு."

"மனசுலேர்ந்து வந்துச்சா? நீ என் மனசுக்குள்ள பூந்து பார்த்தியா?" செவ்வந்தி அவள் பக்கம் திரும்பினாள். "எவனோ போட்ட பேர நம்பி எழுந்து போன இல்ல? பதினோரு வருசம் பக்கத்துல இருந்தவள ஒரு வார்த்த கேட்டியா ரோசி?"

"நீ கேட்டியாடி, மைக்குல சொல்றதுக்கு முன்னாடி? ஃபாலோ வுட்டேன்னா என் மூஞ்சிக்கு நேரா துப்ப வேண்டியதுதானே?"

"நான் உன்ன சொல்லலன்றேன்!"

"அப்ப எதுக்கு ஒருவாட்டி பார்த்துட்டு, அப்புறம் என் மூஞ்சியப் பார்க்காமயே பேசின? ஆரம்பிச்சு வச்சிட்டு நடுவுல வுட்டுட்டுப் போறவங்கள நம்பி நான்தான் வீணாப்போனேன், செவ்வந்தி."

"நானாடி வுட்டேன்? கூட இருந்துக்கினே கழுத்தறுக்கறவங்கள நான் பார்த்ததே இல்ல. சிரிச்சிக்கினே குழி பறிக்கறவங்கள பார்த்ததே இல்ல!"

பெயர் சொல்லி, முகத்தைப் பார்த்து, கத்திக்கொண்டிருந்தார்கள். இதில் மறைமுகம் என்று எதுவும் இல்லை. எல்லாம் போயிற்று, கையெழுத்தும் போயிற்று என்று நான் நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்தேன். பேச்சு சட்டென்று நின்றது. இரண்டு பேரும் என் தலைக்கு மேலே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

கதிரேசன். தொண்ணூற்றேழு சதவீதம்.

தொண்ணூற்றைந்துக்கு மேல், மனிதன் யாரும் சரிபார்க்கத் தேவையில்லை.

"இன்னா சார், உங்க பேரு வருது?" என்றாள் ரோஸ்லின்.

மிஷின் கோளாறு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அறையில் இருந்தும் அவர்கள் பார்க்காத ஒரே ஆள் நான் என்பதால் அது என் பெயரைப் போட்டிருக்கும், அவ்வளவுதான். கணக்குப்படி அது ஒரு முட்டாள் கணக்கு. ஆனால் எனக்கு உறைத்தது.

"அன்னிக்கு ரோஸ்லின் பேருக்குச் சரின்னு அழுத்தினது நான்தாம்மா" என்றேன்.

நானே தொடர்ந்து உளறினேன். "என்னைத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன் செவ்வந்தி. அந்தப் பயிற்சி அறை விஷயம். என் பேர் வரலைன்னதும் வந்த பேரை அழுத்திட்டேன். யோசிக்கவே இல்லை. பயந்துட்டேன்."

"எந்த ரூமு?" என்றாள் செவ்வந்தி.

"ரெண்டு வருஷம் முன்னாடி, நிகழ்ச்சியில..."

"அதுவா! அத நாங்க அன்னிக்கு ராத்திரியே மறந்துட்டோமே சார். டிவிக்காரங்க சொல்றதுதானே?" என்று அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

தாங்க முடியாமல் எழுந்துபோய் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினேன். திரை அணைந்தது. திரும்பி வந்தபோது ரோஸ்லின் என் சட்டைப்பையைக் காட்டிப் பேனா கேட்டாள். கொடுத்தேன். மேஜையில் குனிந்து, காலிக் கட்டத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"ஃபாலோ வுட்டது நெஜந்தான்" என்றாள், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே. "போய்ட்டு வந்து அத தனியா வச்சிக்கலாம்."

"வச்சிக்கலாம், வச்சிக்கலாம்" என்றாள் செவ்வந்தி. அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் நெஞ்சு லேசானது.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கதவருகே செவ்வந்தி, ரோஸ்லினின் தோளில் கை போட்டுக்கொண்டு அவளிடம் சொன்னாள்: "சார் பாவம், ரோசி. எட்டு செகண்டுல யாரா இருந்தாலும் இப்டிதான் செஞ்சிருப்பாங்க. நல்ல மனுசன்."

"ஆமா ஆமா. ரொம்ப நல்ல மனுசன்" என்றாள் ரோஸ்லின்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மன்னித்துவிட்டார்களா? என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டுப் போகிறார்களா? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன், கேட்க முடியவில்லை. திரையைத் திரும்பிப் பார்த்தேன். அது கறுப்பாக இருந்தது.

ஓடிப்போய்ப் பிளக்கை மாட்டினேன். இயந்திரம் விழித்து, யார் பேசுகிறார்கள் என்று கேட்பதற்குள் அவர்கள் மாடிப்படி இறங்கிவிட்டார்கள்.